தோர்லைஃப் ஆரஞ்சு சாப்பிடுவதில்லை

ஈஸ்டருக்கு மலையேறுகிறவன் பையில் மாற்றுத் துணி இருக்கிறதோ இல்லையோ, ஆரஞ்சு இருக்கும். பனியில் குழி தோண்டி, வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்காவிட்டால் எங்கள் நார்வேக்காரர்களுக்கு ஈஸ்டர் வந்த மாதிரியே இருக்காது. ஸ்கார்வோய் தீவில் அந்தப் பழத்தைக் கையால்கூடத் தொடாத ஆள் ஒருவர் இருந்தார். பெயர் தோர்லைஃப். ஊர்க் கோடியில் இருக்கும் குட்டி விமான நிலையத்தில், ஓடுபாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். நெடுநெடுவென்ற உடம்பு. அறுபதை நெருங்கியும் பனிச்சறுக்கில் இளவட்டங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்.

"ஆரஞ்சு என்ன, உன்னக் கடிச்சிடுமா?" என்று கூட வேலை பார்க்கும் ஆன்ஸ்கார் வருஷம் தவறாமல் கேட்பான்.

"புளிப்பு எனக்கு ஒத்துக்காதுப்பா" என்பார் தோர்லைஃப்.

சுத்தப் பொய். ஊறுகாய் மீனைப் புளிக்கப் புளிக்கத் தின்கிற மனிதர் அவர். உண்மை என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்து வேடிக்கை காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அப்போது அவருக்குப் பதினொரு வயது. அப்பாவும் அவருமாகப் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு மலைக்கு மேலே போயிருந்தார்கள். நல்ல வெயில். காற்றே இல்லை. அப்பா கட்டைகளைக் கழற்றிப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். ஒரு சுளையை மகனிடம் நீட்டினார். மகன் கையுறையைக் கழற்றிவிட்டுத் திரும்பினான். சுளை அப்பாவின் விரல்களில்தான் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து அந்தப் பையன் சிரித்தான். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகுதான் பயந்தான்.

அப்பாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. இழவுக்கு வந்த ஊர் முழுக்க ஒரே பேச்சு: "பனிச்சறுக்குலயே போயிட்டாரு. கொடுத்து வச்ச மனுஷன். இந்த மாதிரிச் சாவு யாருக்கு வாய்க்கும்!" படுக்கையில் கிடக்காமல் மலையில் உயிரை விடுவது இந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமை. இதயம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் பெருமை கெட்டுவிடும். தோர்லைஃபுடைய அம்மாவும் கடைசிவரை அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவரும் அப்படியே பழகிவிட்டார். கல்யாணம் ஆகி மனைவி ஹெர்டிஸ் வீட்டுக்கு வந்தபோது, "அப்பா பனிச்சறுக்குல போயிட்டார்" என்றார். விழுந்துதான் செத்தார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மகன் சிந்த்ரே பிறந்து வளர்ந்து தாத்தாவைப் பற்றிக் கேட்டபோது அவனும் அப்படியே எடுத்துக்கொண்டான். இவரும் திருத்தவில்லை.

ஆனால் உள்ளுக்குள் பயம் ஊறிக்கொண்டே இருந்தது. அப்பாவின் வயதைத் தாண்டும்வரை ஒவ்வொரு குளிர்காலமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சறுக்கினார். சறுக்காமல் இருந்துவிடலாமே என்பீர்கள். சறுக்காமல் இருந்தால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். அதற்கு இது மேல். மருத்துவமனைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வண்டி ஓட்டும் உரிமத்துக்கு ஊர் டாக்டர் கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். போட்டதும் இவர் கதவுக்கு ஓடிவிடுவார். வயது தாண்டிய பிறகு, தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டார்.

அந்த மூச்சைத்தான் சிந்த்ரே பிடுங்கிக்கொண்டான்.

சிறு வயதில் பனிவண்டியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விமானம் இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவன். எங்கள் ஓடுபாதை ரொம்பக் குட்டை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். மேற்கிலிருந்து காற்று அடித்தால் விசிறி வைத்த அந்தச் சின்ன விமானம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வந்து இறங்கும். பார்க்கிற மற்றவர்களுக்குக் குலை நடுங்கும். இவனுக்கு வாயெல்லாம் பல். மீன் பண்ணையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, விமானம் ஓட்டும் பள்ளியில் சேர்ந்துவிட்டான். சேருவதற்கு முன்பே உடம்பை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடி, காதில் கீச்சென்று கேட்டால் பொத்தானை அழுத்து, குழாயில் ஊது, ரத்தம் கொடு, நெஞ்சில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு படு. எல்லாவற்றிலும் தேறினான். பிறகு பாடப் பரீட்சைகள், வானிலை, சட்டம், எந்திரம் என்று ஒன்று மாற்றி ஒன்று. வெளியே எதுவும் தெரியாதபடி கண்ணுக்கு மறைப்புப் போட்டுக்கொண்டு, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கிற பயிற்சியும் முடிந்துவிட்டது. கடைசிப் பறக்கும் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதற்குள் பழைய மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகிற நாள் வந்தது.

விமானிகளுக்குப் புயலைவிட டாக்டரிடம்தான் பயம் அதிகம். உள்ளே போகும்போது விமானி, வெளியே வரும்போது என்னவென்று யாருக்கும் தெரியாது. அதனால் பரிசோதனைக்கு முன்னால் ஆளாளுக்கு ஒரு கைவைத்தியம் வைத்திருப்பார்கள். தோர்லைஃபும் தன் பங்குக்கு ஒன்று சொல்லிவைத்தார்.

"முந்தின நாள் நல்லா நீளமா ஒரு சறுக்கு சறுக்கிட்டுப் போடா. நாடி அப்படியே கீழ இறங்கிடும். இப்படி ஒரு உடம்பான்னு டாக்டர் வாயப் பொளந்துடுவார்."

எங்கள் ஊரில் ஆம்பிளைகள் பீர் குடித்தால் தங்கள் நாடி எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்றுதான் பீற்றிக்கொள்வார்கள். அந்தப் புத்தி. சிந்த்ரே ஏற்கெனவே குளிர்காலம் முழுக்கப் பெரிய சறுக்குப் பந்தயம் ஒன்றுக்குப் பேயாய்ப் பயிற்சி எடுத்தவன். அப்பா சொன்னபடி முந்தின நாளும் பொழுது சாயும்வரை மலையில் சறுக்கிவிட்டுப் போய்ப் படுத்தான்.

மறுநாள் மத்தியானம் தொலைபேசி வந்தது. ஹெர்டிஸ்தான் எடுத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் தோர்லைஃப் கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சிறுநீர்ல ரத்தம் தெரியுதாம். நாடி ரொம்ப மெதுவாம். அது போகட்டும், இதயத் துடிப்புக் கோடு தலைகீழா வளையுதாம்" என்றாள். "டாக்டர் கையெழுத்துப் போடலையாம். நகரத்துல இதய டாக்டர்கிட்ட அனுப்பறாங்களாம். எல்லாம் உன்னாலதான். பரிசோதனைக்கு முந்தின நாள் எவனாவது மலைய சுத்துவானா?"

"சிறுநீர்ல வர்றது சறுக்குனதால. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் தோர்லைஃப். கோடு தலைகீழாக வளைவதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

இதய டாக்டர் பெயர் இங்குன். நல்ல பெண்மணி, ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர். சிந்த்ரேயின் இதயச் சுவர் தடித்திருக்கிறது என்றார். ஓயாமல் பயிற்சி எடுப்பவர்களுக்கு அப்படித் தடிக்கும், அதில் ஆபத்தில்லை. பரம்பரையாக வரும் ஒரு நோயிலும் அப்படித் தடிக்கும், அதில் ஒரு நாள் இதயம் திடீரென்று நின்றுவிடும். இரண்டில் எது என்று இப்போது சொல்ல முடியாது. மூன்று மாதம் எந்தப் பயிற்சியும் கூடாது. சுவர் இளைத்தால் பறக்கலாம். இளைக்காவிட்டால் பறப்பதை மறந்துவிட வேண்டியதுதான்.

"குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களான்னு கேட்டாங்க" என்று வீட்டுக்கு வந்து சொன்னான் சிந்த்ரே. "இல்லன்னுட்டேன்."

தோர்லைஃப் உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். கத்தி கட்டைவிரலில் இறங்கிவிட்டது. "ஐயோ, பார்த்துப்பா!" என்று சிந்த்ரே துணி எடுத்து வந்து சுற்றிவிட்டான். சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. சொல்லவில்லை.

அந்த மூன்று மாதம் அந்த வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. நார்வேக்காரனைப் பனி பெய்யும்போது சோபாவில் உட்காரச் சொல்வதைவிடச் சிறையில் போடலாம். ஜன்னலுக்கு வெளியே ஊரே சறுக்குகிறது. இவன் போர்வைக்குள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு விமானப் புத்தகத்தைப் புரட்டுகிறான். விசாரிக்க வருகிற ஆன்ஸ்கார் சும்மா போவானா?

"என்னடா சிந்த்ரே, முட்டை மேல உக்காந்திருக்கியா? எப்பப் பொரியும்?"

"பொரிஞ்சா முதல் கொத்து உனக்குத்தான்" என்று இவனும் விடமாட்டான். சிரிப்பான். ஆனால் யாரும் பார்க்காதபோது இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து நாடி பார்ப்பான். தோர்லைஃப் பார்த்துவிடுவார். அப்பன் பார்த்ததை மகனும் பார்த்துவிடுவான். இரண்டு பேரும் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

சொன்னால் என்ன ஆகும்? பரம்பரை நோய் என்று முத்திரை விழும். மகன் கனவுக்குத் தானே தீ வைத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால்? ஒரு நாள் மத்தியானம் பனிப்புயலில் அவருக்கு அதற்குப் பதில் கிடைத்தது. விமானம் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருக்க, இவர் ஓடுபாதையில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் இருந்த ஒலிபெருக்கியில் விமானியின் குரல் வந்தது, எப்போது இறங்கலாம் என்று. ஆண் குரல், இளசு. அந்தக் கணம் தோர்லைஃபின் கண்முன்னால் விமானியின் இருக்கையில் அப்பா உட்கார்ந்திருந்தார். நீட்டிய கை அப்படியே நின்றுபோயிருக்கிறது. முகம் மட்டும் சிந்த்ரேயின் முகம். பின்னால் வரிசையாகச் சனங்கள். பள்ளிக்கூட ஆசிரியை, தச்சன், கைக்குழந்தையோடு ஒருத்தி, எல்லோரும் ஸ்கார்வோய்க்காரர்கள். விமானத்தை இரண்டு பேர் ஓட்டுவார்கள், ஒருவர் சாய்ந்தால் இன்னொருவர் இறக்கிவிடுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா? வண்டியை நிறுத்திவிட்டு இருக்கையிலேயே குனிந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"தோர்லைஃப், என்ன ஆச்சு? தூங்கிட்டியா?" என்று ஆன்ஸ்கார் வண்டியின் பேசும் கருவியில் கத்தினான்.

"இல்ல. கண்ணாடில பனி" என்றார்.

அன்றும் வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், சுவர் இளைக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம், இளைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று தினமும் ஒரு சப்பைக்கட்டு. பயந்தாங்கொள்ளி என்று அவரைத் திட்ட வேண்டும் போலத்தான் எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதினொரு வயதுப் பையன் தனியாக மலையிலிருந்து இறங்கி வந்ததை நினைத்தால் திட்ட வாய் வரவில்லை.

மறுபரிசோதனைக்கு அவரும் கூடப் போனார். "பல்லு வலி, அப்படியே நகரத்துல காட்டிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டு. டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்தவரைச் சிந்த்ரே விடவில்லை.

"வா உள்ள. இங்க உக்காந்து நகத்தத் தின்னாத."

சிந்த்ரே சட்டையைக் கழற்றிப் படுத்தான். டாக்டர் அவன் நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்துத் தேய்த்தார். திரையில் அவனுடைய இதயம் வாயைத் திறந்து திறந்து மூடியது. தோர்லைஃப் சுவர்க் காலண்டரையே வெறித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து டாக்டரின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"இளைச்சிருக்கு. நல்லாவே இளைச்சிருக்கு. கோடும் சீராயிடுச்சு" என்றார். "சோபா வேலை செஞ்சிருக்கு சிந்த்ரே."

சிந்த்ரே எழுந்து உட்கார்ந்து, பசை வழிகிற நெஞ்சோடு அப்பாவைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. தோர்லைஃப் சிரிக்க முயன்றார். முடிந்தது, பிழைத்தோம், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று உள்ளே ஒரு குரல் குதித்தது.

"விமான ஆணையத்துக்கு எழுதிடறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி, போன தடவையே கேட்டதுதான். உங்க குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு யாரும் இறக்கலையே?"

"இல்ல" என்றான் சிந்த்ரே. "தாத்தா மட்டும்தான் சீக்கிரம் போனார். அது பனிச்சறுக்குல விழுந்து."

"விழல" என்றார் தோர்லைஃப்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய குரல் அவருக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. கைகளைத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"அவர் விழல. உக்காந்திருந்தார். ஆரஞ்சு உரிச்சு எனக்குக் குடுத்தார். நான் கை நீட்டறதுக்குள்ள போயிட்டார். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

சிந்த்ரே சட்டையைப் போடவும் மறந்து உட்கார்ந்திருந்தான்.

"அதனாலதானா நீ ஆரஞ்சு..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நன்றி. இத நீங்க சொல்லியே ஆக வேண்டியிருந்தது" என்றார். "இப்ப நான் உடனே கையெழுத்துப் போட முடியாது. உங்க அப்பாவுக்கு அந்தப் பரம்பரை நோய் இருந்திருந்தா, அது உங்க வழியாத்தான் சிந்த்ரேகிட்ட வந்திருக்க முடியும். அதனால முதல்ல உங்களப் பார்க்கணும் தோர்லைஃப். சட்டையக் கழட்டிட்டுப் படுங்க."

வாழ்நாள் முழுக்க எதை விட்டு ஓடினாரோ அதன்மேலேயே ஏறிப் படுத்தார். மகனுடைய உடம்புச் சூடு அந்த மெத்தையில் இன்னும் இருந்தது. பசை பட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது. திரையைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தைத்தான் பார்த்தார். அந்த முகத்தில் இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. கருவி ஒரே இடத்தில் நின்றது, அழுத்தியது, மறுபடி நின்றது.

"இத்தன வருஷமா இத வச்சிக்கிட்டா சறுக்குனீங்க?" என்று மெல்லக் கேட்டார் டாக்டர்.

அவருக்கு அந்த நோய் இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாதபடி இருந்தது. அவருடைய ரத்தத்தில் அது எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பார்களாம், பிறகு அதே இடத்தைச் சிந்த்ரேயின் ரத்தத்தில் தேடுவார்களாம். அவனுக்கும் வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். அதுவரை சிந்த்ரே பறக்கக் கூடாது.

நடைபாதைக்கு வந்ததும் சிந்த்ரே வெடித்தான்.

"மூணு மாசமா என் பக்கத்துல சோபால உக்காந்திருந்தியேப்பா! ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா உன் பொழப்புல நானே மண்ணப் போட்ட மாதிரி..."

"நான் செத்திருந்தா? நீ செத்திருந்தா? அம்மா ரெண்டு பேரையும் மலையிலேர்ந்து சுமந்துக்கிட்டு வரணுமா?" வழியில் போன தாதி திரும்பிப் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பயமா இருக்குன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்ல?"

தோர்லைஃப் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும் விமானத்தில் சிந்த்ரே வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

கோடையில் அவர் தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னக் கருவியைப் பதித்தார்கள். இதயம் நின்றால் அது உதைத்து ஓட வைக்குமாம். பனிவண்டி ஓட்டக் கூடாது என்றார்கள், பந்தயச் சறுக்கு கூடாது என்றார்கள். பயணிகளின் பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

"இனிமே குளிர்ல வண்டி கிளம்பலன்னா கவலை இல்ல" என்றான் ஆன்ஸ்கார். "உன் நெஞ்சுல கம்பி மாட்டிக் கிளப்பிக்கலாம்." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தப் போய்விட்டான். போனவன் ரொம்ப நேரம் வரவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வர இலையுதிர்காலம் ஆகிவிட்டது. அதுவரை தொலைபேசி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஹெர்டிஸும் தோர்லைஃபும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சிந்த்ரே மீன் பண்ணைக்கே திரும்பிப் போயிருந்தான். அப்பாவோடு பேசுவான், ஆனால் சாப்பாடு, வானிலை தாண்டிப் பேச்சு நகராது. ஒரு நாள் அவனே விமான நிலைய மேசைக்கு எதிரில் வந்து நின்றான். மீன் பண்ணை ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கு இல்லப்பா" என்றான். "உங்கிட்டேர்ந்து எனக்கு வரல."

தோர்லைஃப் எழுந்தார். பெட்டி நகரும் பட்டையின்மேலேயே உட்கார்ந்து, வரிசையில் நின்ற சனங்களுக்கு முன்னால் ஓவென்று அழுதார். யாரோ பட்டையை நிறுத்தினார்கள்.

பிறகு மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. கையெழுத்து விழுந்தது. கடைசித் தேர்வில் தேறினான். துணை விமானியாக வேலையும் கிடைத்தது. அவன் முதல் முறையாக ஸ்கார்வோயில் இறங்கிய அன்று பார்த்தா மேற்குக் காற்று ஊளையிட வேண்டும்? ஓடுபாதையில் பனி தள்ளியது ஆன்ஸ்கார். தோர்லைஃப் ஜன்னல் ஓரத்தில் நின்றார். விமானம் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்தது. ஒரு இறக்கை தாழ்ந்தது, தூக்கிக்கொண்டது, மறுபடி தாழ்ந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னல் கட்டையை இறுகப் பிடித்தார். சக்கரம் ஒரு தடவை தரையில் மோதி எழும்பி, பிறகு ஊன்றி ஓடியது.

பயணிகள் இறங்கிய பிறகு சிந்த்ரே தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தான். திரும்பிக் கிளம்ப அதிக நேரம் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னப்பா, பயந்துட்டியா?"

வேறு நாளாயிருந்தால் கண்ணாடியில் பனி, பல் வலி என்று ஏதாவது சொல்லியிருப்பார்.

"ஆமாடா" என்றார் தோர்லைஃப். "பயந்துட்டேன். பதினோரு வயசுலேர்ந்து பயந்துக்கிட்டுதான் இருக்கேன்."

சிந்த்ரேயின் சிரிப்பு நின்றது. தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு அவரையும் பெஞ்சில் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெளியே விமானத்துக்கு எண்ணெய் நிரப்பி முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தான்.